மழைக்கு மூடிய பீப்பாய்

ரப்பரைக் காய்ச்சி லோரி எண்ணெய் எடுக்கும் தொழிலில், கணக்கு தப்பினால் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட முடியாது.

பள்ளிக்கூடத்தில் வாயுக் கணக்கோடு மல்லுக்கட்டி, அழுத்தம் மேலே வருமா வெப்பம் மேலே வருமா என்று விழித்து, பிரம்படி வாங்கிய சகோதர சகோதரிகளே, உங்கள் வலி எனக்குத் தெரியும். உங்களுக்கு வாத்தியார் அடித்தார். எங்களுக்கு வாத்தியாரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் கணக்கைத் திருத்தியது இரும்புப் பீப்பாய்.

ஜப்பான்காரன் காலம். மலாய் நாட்டில், லாபுப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பரை வாங்க உலகத்தில் ஆள் இல்லை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ரப்பர் ஷீட்டுகள் ஸ்டோரில் கூரை முட்டக் கிடந்தன. பெட்ரோல் முழுவதும் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புப் பீப்பாயில் போட்டுக் காய்ச்சி, வருகிற ஆவியைக் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக் குளிரவைத்து, சொட்டுகிற கறுப்பு எண்ணெயைப் பிடித்து லோரிக்கு ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் லோரி ஓடியது.

அதே சமயத்தில்தான் சயாமில் ரயில்பாதை போட ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஆள் பிடித்தார்கள். அதுவரை போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. எங்கள் தோட்டத்தை மேற்பார்க்க வந்த ஜப்பான் அதிகாரி பட்டாளத்துக்காரர் அல்ல, ஆனால் இடுப்பில் வாள் உண்டு. தொரை என்று வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய வாய், அவரையும் தொரை என்றே கூப்பிட்டது. அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பீப்பாய் ஓடும்வரை பீப்பாயில் வேலை செய்கிறவர்களைச் சயாமுக்கு எடுக்க மாட்டார்கள். பீப்பாய் நின்றால் எங்களுக்கும் சயாம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் சூடு

அந்த வேலை எனக்குக் கிடைத்தது ஒரு சூட்டுமானியால். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால், கூலி உயர்வு கேட்டு, பாலுக்காக மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னதற்காக மூன்று தோட்டங்கள் என்னைத் தகரப் பெட்டியோடு வெளியே தள்ளியிருந்தன. இந்தத் தோட்டத்தில் என்னைத் தள்ளிய ஆபீஸ் கணக்கர், கிராணி தேவசகாயம்தான், வெள்ளைக்காரன் ஓடியபின் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு போக்கிடமில்லாமல் நான் திரும்பி வந்தபோது, மரவள்ளிக் கிழங்கைக் கூலியாகத் தந்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டைச் சுற்றிப் புல் வெட்டச் சொன்னார். வெட்டிக்கொண்டிருந்தேன்.

தொரை ஒருநாள் புகைவீட்டுக்குள் போனவர் கோபமாக வெளியே வந்து கிராணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். உள்ளே மாட்டியிருந்த சூட்டுமானி நூற்று முப்பது காட்டியது. நூறில் தண்ணீர் கொதிக்கும், நூற்று முப்பதில் ரப்பரை வேகவைத்து நாசம் செய்கிறாயா என்பது அவர் கேள்வி. தேவசகாயத்துக்கு விளக்கம் தெரியும், ஆனால் இங்கிலீஷில்தான் தெரியும். இங்கிலீஷ் பேசினால் இன்னொரு அறை. மலாய் அவருக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைக்காரன் டிகிரி குட்டை, உங்கள் டிகிரி நெட்டை, முப்பத்திரண்டைக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் ஐம்பத்து நாலுதான் என்று எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், பாசார் மலாயில், சொன்னேன். அவர் வாளின் உறையால் மண்ணில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இனி இந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் சூடு கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைப் பீப்பாய்க்கு மாற்றினார்.

கிழங்கு மாவுப் பசை தடவி, சூட்டுமானியில் புதிய எண்கள் எழுதிய காகிதத்தை ஒட்டினேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்ற கிராணி சொன்னார்: “மொதல்ல மணிய தோக்கியோவுக்கு மாத்துனான், இப்ப சூட்டையும் மாத்திட்டான். இனி நமக்கு வேர்க்கணும்னாலும் அவன் கணக்குலதான் வேர்க்கணும்.”

புதைக்காத பிரசுரம்

நான் எந்தக் கல்லூரிக்கும் போனவன் அல்ல. கப்பலில் வந்த மலிவுப் பிரசுரங்கள்தான் என் படிப்பு. உழைப்பவன் உரிமை, கடவுள் உண்டா, சூரியன் எப்படி எரிகிறது, எல்லாம் ஒரே தாளில், ஒரே மசியில் வந்தன. சரியான புள்ளிகூட இல்லாத அச்சு. அதைப் படித்துத்தான் நான் மேடை ஏறினேன். இன்று சங்க நாற்காலிகளில் சாய்ந்திருக்கும் படித்தவர்கள் அந்த நாளில் எந்தக் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள் என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். அது போகட்டும். ஜப்பான்காரன் வந்ததும், தலைக்கு ஆபத்தான பிரசுரங்களைக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தேன். கறையான் தின்றுவிட்டது. வாயுக்களைப் பற்றிய ஒன்றை மட்டும் புதைக்கவில்லை. அதில் ஒருவரையும் எதிர்த்து ஒரு வரிகூட இல்லையே.

அந்தப் பிரசுரத்தின் பின்பக்கங்களில் கணக்குகள் இருந்தன. மூடிய பாத்திரத்தில் மாறாத அளவு வாயு. வெப்பம் ஏறினால் அழுத்தம் அதே விகிதத்தில் ஏறும். தொடக்க அழுத்தத்தை இறுதி வெப்பத்தால் பெருக்கு, தொடக்க வெப்பத்தால் வகு. நான் இதை உரக்கப் படித்துக் காட்டியபோது, பீப்பாய்க்குத் துணையாக வந்திருந்த மருதை கேட்டுக்கொண்டிருந்தான். மருதை பிறந்ததிலிருந்து பால்மரம் வெட்டியவன். எழுத்துத் தெரியாது, ஆனால் வாளியைக் கையில் தூக்கினாலே எத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவான். அவன் மனைவி அஞ்சலை, தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பவள். மருதையைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொடுத்துவிடக் கூடாதென்று கிராணியின் காலில் விழுந்து இந்த வேலையை வாங்கியவள் அவள்தான்.

நான் படித்து முடித்ததும் மருதை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: “சண்டைக்கு முன்னாடியும் இதையேதாண்ணே சொன்னீங்க. சூடு ஏத்துனா அமுக்கம் ஏறும், மூடி பறக்கும்னீங்க. நாங்களும் ஏத்துனோம். பறந்தது நீங்கதான்.”

காலிப் பீப்பாய்

ரப்பரைப் போடுமுன் பீப்பாயின் ஒட்டு தாங்குமா என்று பார்க்க வேண்டும். பாழடைந்து கிடந்த தோட்டத்து இன்ஜினிலிருந்து ஓர் அழுத்தமானியைக் கழற்றிப் பீப்பாயில் பொருத்தினோம். உள்ளே வெறும் காற்று. மூடியை இறுக்கினோம். காலையில் சூடு இருபத்தேழு, காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பதினைந்து ராத்தல். பீப்பாயை நூற்று இருபத்தேழு வரை சூடாக்கினால் என்ன ஆகும்? பிரசுரம் சொன்னபடி இருநூற்று எழுபத்து மூன்றை இரண்டிலும் கூட்டினால் முந்நூறு, நானூறு. பதினைந்தை நானூறால் பெருக்கி முந்நூறால் வகுத்தால் இருபது. வெளிக்காற்றின் பதினைந்தைக் கழித்தால் முள் ஐந்தில் நிற்க வேண்டும். தீ மூட்டினோம். முள் ஐந்தில் வந்து நின்றது. என் வாழ்க்கையில் நான் சொன்னபடி நடந்த காரியங்கள் குறைவு. அன்று நடந்தது.

மறுநாள் ரப்பரைப் போட்டதும், இப்போது முள் எங்கே நிற்கும் என்று கிராணி கேட்டார். சொல்ல முடியாது என்றேன். காற்று மட்டும் இருந்தால் கணக்கு உண்டு. ரப்பர் வெந்து உள்ளே புதிது புதிதாக ஆவி பிறக்கிறது. அளவு மாறிக்கொண்டே இருந்தால் இந்தச் சூத்திரம் செல்லாது. ஆகவே வழியைத் திறந்தே வைக்க வேண்டும். தீ எரியும்போது குழாய் வழி திறந்திருக்கும். வேலை முடிந்து தீயை இழுத்தபின், தொட்டித் தண்ணீர் பீப்பாய்க்குள் உறிஞ்சப்படாமல் இருக்கக் குழாயின் அடைப்பைத் திருக வேண்டும், அதே கையோடு மேல்மூடியைத் திறந்துவிட வேண்டும். சூடான பீப்பாய் ஒரு வழியிலாவது மூச்சு விட வேண்டும். இரண்டையும் ஒருபோதும் சேர்த்து மூடக் கூடாது. எல்லோரையும் இதைத் திருப்பிச் சொல்லவைத்தேன். மருதை பிசகாமல் சொன்னான்.

அஞ்சலை தண்ணீர்த் தகரத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அது சரிதாண்ணே. கிராணி பேரு கூப்புடறப்பவும் அப்படித்தான். புதுசா பொறந்தத கணக்குல சேக்க மாட்டாரு, அரிசியும் குடுக்க மாட்டாரு.”

டயரும் இருநூற்று எழுபத்து மூன்றும்

எண்ணெயை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போகும் லோரியை ஓட்டியவர் ஆ சோங். ரப்பர் மலையாகக் குவிந்திருந்த நாட்டில் டயருக்குப் பஞ்சம். ஒட்டுப் போட்டதன் மேல் ஒட்டுப் போட்ட டயர்கள் அவருடையவை. காலையில் முப்பது ராத்தல் காற்று அடித்துவிட்டு, உச்சி வெயிலில் ரோட்டில் வெடித்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். மருதை உடனே கணக்குச் சொன்னான். காலையில் சூடு இருபத்தேழு, வெயிலில் டயர் ஐம்பத்து நாலு, சூடு இரண்டு மடங்கு. பால் இரண்டு மடங்கு என்றால் சம்பளம் இரண்டு மடங்கு, அப்படியே காற்றும் முப்பது அறுபதாகிவிடும், பாதியை இறக்கிவிடு என்றான். எடை போட்டுக் கூலி வாங்கிய எந்தத் தோட்டத்து ஆளும் இப்படித்தான் சொல்லியிருப்பான். ஆ சோங் பாதியை இறக்கிவிட்டார். தொய்ந்த டயர் பாதி வழியிலேயே மடங்கி மடங்கிக் கிழிந்தது. அவர் லோரியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து மருதையைக் கேட்ட கேள்விகளை நான் எழுதப் போவதில்லை.

உங்களில் எத்தனை பேர் பரீட்சையில் இதே இடத்தில் விழுந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம். நாம் சைபர் என்று குறித்துவைத்த இடம் பனிக்கட்டியின் சைபர், சூட்டின் சைபர் அல்ல. பனிக்கட்டிக்குள்ளேயே இருநூற்று எழுபத்து மூன்று பங்கு சூடு இருக்கிறது. ஆகவே முந்நூறு, முந்நூற்று இருபத்தேழாகிறது, அவ்வளவுதான். டயருக்குள் இருப்பது முப்பதல்ல, வெளிக்காற்றோடு சேர்த்து நாற்பத்தைந்து. அது நாற்பத்தொன்பதாகும். முள் முப்பத்து நாலு காட்டும். டயர் தாங்கியிருக்கும். இதை மண்ணில் எழுதி மருதைக்கு விளக்கினேன்.

அவன் எண்களைவிட என் முகத்தையே அதிகம் பார்த்தான். பிறகு கேட்டான்: “ஐஸ் கட்டிக்குள்ளயே அவ்வளவு சூடு இருக்குன்னா, அண்ணே, அப்ப மேடையில நீங்க எங்களுக்குச் சூடே இல்ல, ஐஸ் கட்டின்னு திட்டுனது எந்தக் கணக்குல?”

எண்ணெயில் தண்ணீர்

ஒருநாள் தெமியாங் ரோட்டில் லோரி நின்றுவிட்டது. உள்ளே தொரை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. முந்திய நாள் திறந்திருந்த பீப்பாய்க்குள் சாரல் விழுந்து அடியில் தங்கி, மறுநாள் எண்ணெயோடு சேர்ந்து வந்திருக்கிறது. தொரை வெயிலில் நடந்து போய் வேறு வண்டி பிடித்துத் திரும்பி வந்தார். அவர் நடந்த வெயிலை எங்களுக்கும் பங்கிட்டார். மருதையும் நானும் ஆளுக்கொரு இரும்புச் சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் நிற்க வேண்டும். கையை இறக்கினால் பிரம்பு. அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்தாள், காவலாளி அதைத் தட்டிவிட்டான். கிராணி ஜன்னலை மூடிக்கொண்டார்.

மழைக்கு ஒரு சின்னக் கூரை போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்டேன். தகரம் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதென்று பதில் வந்தது. அத்தாப்பு ஓலைகூடக் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ணெய் ஆவிக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை போட்டால் என்ன ஆகும் என்று நான்தான் வேண்டாமென்றேன். கூரை இல்லாமலே வேலை தொடர்ந்தது.

கை நரம்பெல்லாம் இழுக்க, மருதை அன்று சாயங்காலம் சொன்னது இது: “பால்ல மழத்தண்ணி விழுந்தா கிராணி எடை போட மாட்டாரு. எண்ணெயில விழுந்தா இவரு நம்மள வெயில்ல போடுறாரு. ஆக மொத்தம் மழை பெஞ்சா குத்தம் நம்மளோடது.”

மழை

பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரம் வெட்டுகிறவனின் உடம்பில் கண்ணுக்கும் காதுக்கும் முந்தி மழையை அறிவது தோல். முதல் துளி தோளில் விழுந்ததும் கை தானாக வாளியின் வாயை மூடும். இலையால், தலைத்துணியால், ஒன்றும் இல்லாவிட்டால் சட்டையைக் கழற்றி மூடும். அதை எவரும் யோசித்துச் செய்வதில்லை. யோசித்துக்கொண்டு நின்றால் அன்றைய உழைப்பு தண்ணீராகிவிடும்.

அன்று வேலை முடிந்து தீயை இழுத்தோம். மருதை விதிப்படி குழாயின் அடைப்பைத் திருகினான். விதிப்படி மேல்மூடியைத் திறந்தான். நான் எண்ணெயை அளக்க ஸ்டோருக்குப் போனேன். திடீரென்று பெரிய மழை. மருதை ஓடிப் போய் மேல்மூடியைத் திருகி இறுக்கினான், அதன்மேல் சாக்கையும் போட்டான். சூடு ஆறாத பீப்பாய், உள்ளே முழுக்க ஆவி, இரண்டு வழியும் அடைப்பு, மேலே கொட்டும் குளிர்ந்த மழை. ஸ்டோருக்குள் நின்ற எனக்குக் கேட்டது ஒரு பெரிய அடிச் சத்தம். ஓடி வந்து பார்த்தபோது, அத்தனை பெரிய இரும்புப் பீப்பாய் இடுப்பு ஒடுங்கி, பிழிந்து போட்ட துணிபோல் கிடந்தது. ஒட்டு பிளந்துவிட்டது. இனி அது பீப்பாய் அல்ல.

தொரை குடையோடு வந்தார். நசுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சம்மட்டி எங்கே என்று கேட்டார். சம்மட்டி இல்லாமல் இரும்பு இப்படி நசுங்காது, இது நாசவேலை என்றார். நாசவேலைக்கு என்ன தண்டனை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிரம்பானில் வெட்டிய தலைகளைக் கம்பத்தில் வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மருதையைக் கட்டி, ஆபீஸ் சுவரைப் பார்த்து மண்டியிட வைத்தார்கள். அஞ்சலையை லயத்து வீடுகளின் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மூடக் கூடாதென்று சொன்னேனே, நீயே பிசகாமல் திருப்பிச் சொன்னாயே என்று நான் அவன் அருகே போய்க் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: “சொன்னது வாய்தாண்ணே. மூடுனது கை.”

மண்ணெண்ணெய் டின்

கிராணி என் கையைப் பிடித்து ஆபீஸுக்குள் இழுத்தார். உனக்குத் தெரிந்ததைச் சொல்லப்பா, எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான் என்றார். அந்த மனிதர் என்னை ஒருமுறை தோட்டத்தை விட்டு விரட்டியவர். ஆனாலும் அன்று தொரையிடம் கைகூப்பி, இவன் பேசட்டும் என்று கேட்டவர் அவர்தான். அதை நான் மறைக்கக் கூடாது.

மழை விட்டதும் வெளியே மண்ணில் கணக்கைப் போட்டேன். மூடும்போது உள்ளே சூடு நூற்று எழுபத்தேழு என்று வையுங்கள், கூட்டினால் நானூற்று ஐம்பது. மழையில் இருபத்தேழு, கூட்டினால் முந்நூறு. வெறும் காற்றாக இருந்தாலே பதினைந்து ராத்தல் பத்தாகக் குறையும். வெளியே பதினைந்து, உள்ளே பத்து. ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் ஐந்து ராத்தல் அமுக்குகிறது. பீப்பாயின் உடம்பு முழுக்கக் கூட்டினால் சரக்கு ஏற்றிய லோரி மேலே ஏறி நின்றதுபோல் ஆகும். ஆவி குளிர்ந்து எண்ணெயாகிவிட்டால் உள்ளே பத்தும் இருக்காது. தொரை நம்பவில்லை. காட்டு என்றார்.

மண்ணெண்ணெய் டின் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஆவி பொங்கி வந்ததும் இறக்கி, வாயை இறுக மூடி, அஞ்சலை சுமந்து வைத்திருந்த தண்ணீரையே எடுத்து மேலே ஊற்றினேன். டின் டமார் என்று ஒடுங்கியது. ஒருவரும் தொடவில்லை. தொரையின் முகம் மாறியது. பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் சிரித்தார். நானும் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை, இன்னொரு முறை செய் என்றார். இன்னொரு டின். இன்னொரு டமார். கைதட்டினார். என் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு பிரசுரம் வாளை உறையிலேயே நிறுத்திவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, கணக்கு சரி என்றார். என்னைச் சுட்டிக்காட்டி, உனக்குத் தெரியும், நீ பகாவ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் வேறு பீப்பாய் வை என்றார். மருதையின் முதுகைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னதை நான் இன்றும் அந்த மலாயிலேயே கேட்கிறேன்: “சாலா தடா. கெர்ஜா பூன் தடா. பிகி சியாம்.” தப்பு இல்லை, வேலையும் இல்லை, சயாமுக்குப் போ.

லோரியில்

ஆ சோங்கின் லோரியில்தான் ஏற்றினார்கள். அதற்கு ஊற்றியது நாங்கள் காய்ச்சிய எண்ணெய். மருதை கடைசியாகக் காய்ச்சிப் பிடித்ததும் அதில் இருந்தது. ஆ சோங் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை ஒரு துணியில் அவித்த கிழங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். சூடு ஆறட்டும், உடனே இறுக்கி முடிச்சுப் போடாதே என்று மருதை அவளிடம் சொன்னான். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

அவனைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. வாள் இல்லையே, சயாமில் பிழைத்து வரலாமே என்று அவனுக்குச் சொன்னேன். கூட்டத்தில் பேசிப் பழகிய வாய்க்கு நம்பிக்கை சொல்வது எளிது. சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்ததால் அவன் டின்னையும் பார்க்கவில்லை, கணக்கையும் பார்க்கவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் சத்தம் மட்டும். அது என்ன சத்தம் என்று கேட்டான். டின் என்று சொன்னேன்.

லோரி நகரும்போது குனிந்து என்னிடம் சொன்னான்: “மொத சத்தம் கேட்டப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சேண்ணே. ரெண்டாவது சத்தம் கேட்டப்பதான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சிச்சு.”

மேடைக்குப் பக்கத்தில்

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், வெள்ளைக்காரன் சூடும் திரும்பி வந்தது. நானும் மேடைக்குத் திரும்பினேன். அந்த டின்னின் கதை எனக்கு நல்ல ஆயுதமாக இருந்தது. அறிவு ஒரு தொழிலாளியை வாளிலிருந்து காப்பாற்றியது, ஆகவே படியுங்கள் தோழர்களே என்று முடிப்பேன். கைதட்டல் அடங்க நேரமாகும். சயாமைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தைதான் வைத்திருந்தேன், அதையும் வேகமாகத் தாண்டிவிடுவேன். திரும்பி வந்தவர்கள் சிலர் இருந்தார்கள், எலும்பும் புண்ணுமாக. அவர்களில் மருதை இல்லை. எந்த முகாமில், எந்தக் காய்ச்சலில் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

சிரம்பானில் ஒரு கூட்டம் முடிந்து இறங்கியபோது மேடைக்குப் பக்கத்தில் அஞ்சலை நின்றாள். மறுபடி மரம் வெட்டுகிறாள், கையில் பால் கறை. முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கணக்கை நான் போடாமல் இருந்திருந்தால் தன் புருஷனை என்ன செய்திருப்பார்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். அங்கேயே தலையை எடுத்திருப்பார்கள் என்றேன்.

அவள் கையிலிருந்த பால் கறையைச் சுரண்டினாள். பிறகு என்னைக் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள்: “அப்படின்னா ஒடம்பாவது எனக்குக் கெடச்சிருக்கும்ணே. இங்கேயே ஒரு மரத்தடியில பொதச்சு, நெனச்சப்ப ஒரு வெளக்கு வச்சிருப்பேன். சயாம்ல நான் எந்த மரத்தடின்னு போயி தேடுறது?”

அதற்குப் பின் அந்தக் கதையை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் காகிதம் கைதட்டுவதில்லை.

வாயுக் கணக்கில் தோற்ற என் சகோதர சகோதரிகளே, தொடங்குமுன் இருநூற்று எழுபத்து மூன்றை மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள், விடை சரியாக வரும். விடை சரியாக வந்துவிட்டதால் ஆளும் வீடு வந்து சேருவான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.